ஓரத்தில் கிடந்த கட்டில்

கல்யாணப் படம் எடுக்கும் வில்லாபுரம் ஜூடு ஒரு வாடகை வீட்டின் குளியலறைக்குள் நின்றுகொண்டு, எதிரே இருந்த படுக்கையறையைப் படம் பிடிக்கப் பார்த்தான். முதுகு சுவரோடு ஒட்டிவிட்டது. குழாய் இடுப்பில் குத்தியது. இதற்கு மேல் பின்னால் போவதென்றால் சுவரை இடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டும். அப்படியும் கேமராவுக்குள் விழுந்தது ஒரு ஜன்னலும் பாதி அலமாரியும்தான்.

"என்ன மாப்ள, வீட்டைக் காட்டுன்னா ஜன்னலைக் காட்டுற?" என்றார் வீட்டுப் புரோக்கர் விருமாண்டி. "அந்தச் செல்லூர்க்காரன் எடுக்குற படத்தைப் பாரு. புறாக்கூட்டைக் கல்யாண மண்டபமாக் காட்டுறான். அதுக்குன்னு ஏதோ அல்ட்ரா வைடு லென்ஸ் இருக்காம்ல? அதை வாங்கிரு. என் கையில இருக்குற வீடு அம்புட்டும் உனக்குத்தான். இல்லேன்னா அவனைக் கூப்பிட்டுக்குவேன்."

முகூர்த்த நாள் இல்லாத மாதங்களில் ஜூடுவின் அடுப்பு எரிந்ததே விருமாண்டியின் வாடகை வீடுகளால்தான். மறுநாளே டவுன்ஹால் ரோட்டில், பழைய கேமரா சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனான்.

புது லென்ஸின் விலையைக் கேட்டதும் அதைக் கையில் வாங்காமலே வேண்டாம் என்றான். மீன்கண் லென்ஸ் மலிவுதான், ஆனால் அதில் பார்த்தால் நேர்ச்சுவரெல்லாம் பானை வயிறு மாதிரி வளைந்தது. இன்னொன்று கனமாக, இரவிலும் நன்றாக எடுக்கக்கூடியதாக இருந்தது. அது தானாக ஃபோகஸ் செய்ய வேண்டுமென்றால் கேமராவுக்குள் மோட்டார் இருக்க வேண்டும். ஜூடுவிடம் இருந்தது அடிமட்ட மாடல், அதில் மோட்டார் இல்லை. கடைசியாக, பிளாஸ்டிக் உடம்போடு, பத்து மில்லிமீட்டரில் தொடங்கி அகலமாகக் காட்டும் ஒரு பழைய லென்ஸ் கைக்கு வந்தது. வெளிச்சம் குறைவாகத்தான் வாங்கும். வாங்கட்டுமே, வீடு என்ன எழுந்து ஓடியா போகப்போகிறது? ஸ்டாண்டில் வைத்து நிதானமாக எடுத்தால் போயிற்று. எதிர்க்கடை ஷட்டரைப் படம் எடுத்து, மூலைகளைப் பெரிதாக்கிப் பார்த்தான். கோடுகள் தெளிவாகவே இருந்தன. தன் தேவைக்கும் சட்டைப்பைக்கும் ஏற்ற லென்ஸைத்தான் தேர்ந்தெடுத்தான். அதுவரை அவனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"ஒண்ணே ஒண்ணு பாத்துக்கங்க தம்பி," என்றார் கடைக்காரர், லென்ஸைத் துடைத்துக்கொண்டே. "ஓரத்துல யாரையும் நிறுத்தாதீங்க. ஒல்லிக்குச்சியா இருந்தாலும் ஓரத்துல நின்னா ஊதிப்போயிருவான்."

அவர் எச்சரிக்கையாகச் சொன்னார். ஜூடு அதைத் தொழில் ரகசியமாக எடுத்துக்கொண்டான். புத்தி அப்படித்தான், நல்லதைக் கேட்டாலும் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும்.

ஆனையூரில் ஒரு வீடு வந்தது. முன்கூடம் பரவாயில்லை. உள்ளறைதான் ஏழரையடிக்கு ஐந்தரையடி. வீட்டுக்காரர் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறைக்கு ஒரு ஜன்னலை வைத்து, படுக்கையறை என்று பெயரும் வைத்துவிட்டார். ஜூடு மொட்டைமாடியில் கிடந்த மடக்குக் கட்டிலைக் கொண்டுவந்து விரித்தான். அதைப் படத்தின் இடது ஓரத்தில் வரும்படி தள்ளி, மேலே பெரிய பூப்போட்ட விரிப்பைப் போட்டு எடுத்தான். ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கிற கட்டில், திரையில் இரண்டு பேர் கைகால் நீட்டிப் படுக்கிற டபுள் காட் ஆகிவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் ஓடியாட இடமும் இருந்தது.

விருமாண்டி விசிலடித்தார். 'விசாலமான படுக்கையறை' என்று போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் விட்டார். ஜூடுவுக்கு உள்ளே கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்துக்கொண்டான். உறுத்தல் அடங்கிவிட்டது.

ஆவணி பிறந்ததும் அந்த வீட்டுக்கு ஆள் வந்தார்கள். "பால் காய்ச்சுறாக மாப்ள. நாலு படம் சிரிச்ச முகமா எடுத்துட்டு வா, நம்ம பேஜுல போடலாம்" என்று விருமாண்டி அனுப்பிவைத்தார்.

குடிவந்தவள் முத்துமீனா. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அவள் கணவன் சூர்யபிரகாஷை ஒரு லாரி இடித்துப்போட்டதில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மதுரையில் தினம் உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதால் ஊர் மாறி வந்திருந்தார்கள். வாசலில் நின்ற குட்டியானைச் சரக்கு வண்டியில், மெத்தை மேல் சூர்யபிரகாஷ் படுத்திருந்தான். பக்கத்தில் சக்கர நாற்காலியும், தலைமாட்டைத் தூக்கி இறக்குகிற ஆஸ்பத்திரி இரும்புக் கட்டிலும்.

பால் பொங்கியது. ஜூடு படம் எடுத்தான். "மொத டம்ளர் உங்களுக்குத்தாண்ணே" என்று முத்துமீனா அவன் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு வந்த சந்தோஷம் இருந்தது.

பிறகு வண்டிக்காரரும் இன்னொருவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாய்த்து, திருப்பி, கதவைக் கழற்றி, எப்படியோ கட்டில் உள்ளறைக்குள் போய்விட்டது. அதன் பிறகு ஆள் போகத்தான் இடமில்லை. சக்கர நாற்காலி நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முத்துமீனா ஒருக்களித்து நுழைந்து பார்த்தாள். அங்கே நின்றுகொண்டு ஒரு முழு ஆண்பிள்ளையைத் தூக்கி மாற்ற அவளால் முடியாது. யாராலும் முடியாது.

"இந்த ரூம் இல்லையே," என்றாள். "இன்னொரு ரூம் இருக்கும். அதைத் தொறங்க."

"இருக்குறதே இந்த ஒரு ரூம்தாம்மா," என்றார் வண்டிக்காரர்.

அவள் கைப்பேசியை எடுத்து, ஜூடு எடுத்த படத்தை அவனிடமே நீட்டினாள். "பாருங்கண்ணே. டபுள் காட்டே கெடக்கு. அதுக்கப்புறமும் எம்புட்டு எடம் இருக்கு! இவரைத் தனியா விட்டுட்டு நேர்ல வந்து பாக்க வழியில்ல. ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்டகூடக் காட்டுனேன். டபுள் காட்டு கெடக்குற எடத்துல உங்க கட்டிலும் வீல்சேரும் தாராளமாப் போகும்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் அங்க வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தோம்."

பாதி குடித்த டம்ளர் ஜூடுவின் கையிலேயே இருந்தது. புரோக்கர் மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவியிருக்கலாம். வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. படுத்திருப்பவன் முகத்தின் மேல் துண்டு போட்டு மறைத்திருந்தார்கள்.

"அக்கா, படம் எடுத்தது நான்தான்," என்றான். "அது டபுள் காட் இல்ல. மடக்குக் கட்டில். இந்த லென்ஸுல ஓரமா வச்சா எதுவும் பெருசாத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சேன்."

முத்துமீனா நீட்டிய கைப்பேசியை இறக்கினாள். "கட்டிலப் பெருசாக் காட்டுனியே, இவரை எங்கய்யா படுக்கவைப்பேன்?" அவள் குரல் உடைந்துவிட்டது. 'அண்ணே' போய்விட்டதை ஜூடு கவனித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலைகுனிந்தபடி வாசலுக்கு வந்தான்.

சூர்யபிரகாஷ் துண்டை விலக்கினான். எல்லாம் காதில் விழுந்திருந்தது. "அந்தக் கேமராவை இங்கிட்டுக் கொண்டாங்க தம்பி," என்றான்.

ஜூடு தயங்கிக்கொண்டே பக்கத்தில் போனான்.

"ஓரத்துல வச்சா எதுவும் பெருசாத் தெரியுமாக்கும்? என் காலை ஓரத்துல வச்சு ஒரு படம் எடுங்களேன்."

ஜூடு லென்ஸுக்கு மூடியைப் போட்டான்.

"எடுத்தா நல்லா நீளமாத் தெரியும், இல்ல?" சூர்யபிரகாஷ் கோபப்படவில்லை, விசாரிக்கிற மாதிரிதான் கேட்டான். "நீளமாத் தெரிஞ்சு என்ன தம்பி, நடக்கவா போகுது?"

அடித்திருந்தால்கூட ஜூடு தாங்கியிருப்பான். அங்கேயே விருமாண்டிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இந்த வீடு இவங்களுக்கு ஆகாது. அட்வான்ஸை வாங்கிக் குடுங்க. தரைத்தளத்துல பெரிய ரூமா, படி இல்லாத வீடாப் பாருங்க. நீங்க பாக்கலேன்னா, இந்த ரூமை டேப்பு வச்சு அளந்து, நெசப் படத்தை நானே குரூப்புல போட்டுருவேன்."

"என்னடா மிரட்டுற? உன் பொழப்பும் போயிரும்டா!"

"போனாப் போகுதுண்ணே. இந்த மனுசன் வெயில்ல கெடக்காரு. கெளம்பி வாங்க."

விருமாண்டி வரும்வரை ஜூடு சும்மா இருக்கவில்லை. வண்டிக்காரரோடு சேர்ந்து கட்டிலை வெளியே எடுத்து முன்கூடத்தில் போட்டான். சூர்யபிரகாஷை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிப் படுக்கவைத்தார்கள். தெருவைப் பார்த்த கூடம், மறைப்பு இல்லை. முத்துமீனா தன் சேலையைத் திரையாகக் கட்டினாள். ஒரு வாரம் அந்தச் சேலைக்குப் பின்னால்தான் அவனுக்கு உடம்பு துடைத்ததும் துணி மாற்றியதும்.

அதற்குள் விருமாண்டி, திட்டிக்கொண்டே ஆனாலும், ஆனையூரிலேயே இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்துவிட்டார். சூர்யபிரகாஷை விட்டு வர முடியாத முத்துமீனாவுக்குக் காட்ட, படம் எடுக்க ஜூடு வந்தான். அதே லென்ஸ்தான். கட்டில், நாற்காலி எதையும் இழுத்துப்போடவில்லை. பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, கதவகலத்தை முதலில் அளந்துவிட்டு, பிறகு சுவரோரமாக நீட்டினான்.

"எடுக்குறது போட்டோ, இதுல அளவு எதுக்குடா மாப்ள?" என்று எரிச்சலாகக் கேட்டார் விருமாண்டி. "ஊருல இருக்குற புரோக்கர் அம்புட்டுப் பேரும் பெருசாத்தான் காட்டுறான். நாம மட்டும் எல்லா வீட்டுக்கும் அளவு போட்டுக் காட்டுனா எவன் வருவான்?"

ஜூடு படம் எடுத்து, கைப்பேசியில் அதன் கீழே அளவை எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தான்.

"வாரவன் வரட்டும்ண்ணே. படத்தைப் பாத்துத்தான் வீட்டுக்கு வாராங்க, ஆனா குடியிருக்கப் போறது வீட்டுலதான். இல்லாததை இருக்குற மாதிரி காட்டி ஒருத்தரை வரவச்சா, அது வியாபாரம் இல்லண்ணே, பொய்ச்சாட்சி."