தோலுரித்த முதுகும் பெரினின் முகமும்

எங்கள் முதலாளி வோக்லேனுக்குச் செத்தவர்கள் மீது ஒரே குறைதான்: யாரும் அழகாக இருப்பதில்லை. இந்தமுறை அறுவை வைத்தியர் தோலுரித்து வரையக் கொடுத்த உடல், தர்ம ஆஸ்பத்திரியில் குளிரில் போன கிழவியுடையது. முதுகுத் தசை அருமை. முகம் விற்காது. வைத்தியப் படம் வாங்கும் பாரிஸ் கனவான்கள் கல்விக்காகத்தான் வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கல்விக்குக் கன்னம் கொஞ்சம் சிவந்திருக்க வேண்டும். அதனால் செத்தவள் முதுகில் உயிருள்ளவள் தலையை ஒட்டுவது எங்கள் அச்சுப் பட்டறை வழக்கம்.

தலைக்குப் பெரின் கிடைத்தாள். மை துடைக்கும் துணிகளைச் சேன் ஆற்றில் துவைத்துத் தருகிறவள். தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தபடி ஒரு மதியம் உட்கார்ந்தாள். கழுத்துக்குக் கீழே என்ன வரும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரே தாளில் மூன்று செப்புத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்போம். நீலம் விழுந்தால் பிணம். மேலே மஞ்சள் ஏறினால் காமாலைக்காரி. கடைசியில் சிவப்பு இறங்கினால் பெரின். நான் சிவப்பை அழுத்தித் தாளை உரித்த நேரம் பார்த்து, துணி மூட்டையோடு வந்து நின்றாள்.

“அண்ணே, இது நான்தானே?”

“முகம் மட்டும்.”

“மீதி?”

“மீதி செத்துப்போச்சு.”

மூட்டை கீழே விழுந்தது. ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிலிபேர், சொந்தக் கடை வைத்திருக்கும் கசாப்புக்காரன்.

“ஐயா, அவரு பாத்தா கல்யாணம் நின்னுடும். முகத்த மட்டும் அழிச்சிடுங்க,” என்று முதலாளியிடம் கெஞ்சினாள்.

“மூணு தகட்டுலயும் உன் மூக்கு இருக்கு, பொண்ணே. சுரண்டிட்டு மறுபடி பல்லிரும்ப ஆட்டிச் செம்பச் சொரசொரப்பாக்கணும். என் கை என்னத்துக்கு ஆகும்?”

செம்பைக் கொத்தும் அந்தப் பல்லிரும்பை ஆட்டுவது என் கை. அவர் கைக்கு மூக்குப்பொடி டப்பாவே பாரம்.

படம் எங்கள் கடை முகப்புக் கண்ணாடிக்குள் தொங்கியது. பெரின் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பிலிபேரை எங்கள் தெருப்பக்கமே விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவன், கடைமுன் கூட்டத்தைப் பார்த்ததும் அவளையும் இழுத்துக்கொண்டு அதற்குள் புகுந்தான். நான் வாசலில் நின்றேன். பெரின் சிவப்புத் தகடு விழாத தாள்போல வெளிறிப்போனாள்.

பிலிபேர் வெகுநேரம் பார்த்தான்.

“யோவ், எவன்யா இத வெட்டுனது? தோள்பட்டைக்குக் கீழ நல்ல சதையப் பூராக் கிழிச்சு வச்சிருக்கான். என் கடையில இப்படி வெட்டுனா கைய ஒடிச்சிருப்பேன்.”

பெரினுக்கு மூச்சு வந்தது. அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“முகம்?” என்றாள்.

“முகமா? ஏதோ ஒரு முகம். வா, சூப்பு ஆறிடும்.”

“நல்லாப் பாருங்கன்றேன்!” கையை உதறினாள். அன்று உட்கார்ந்தது போலவே தோளுக்கு மேலே தலையைத் திருப்பி நின்றாள்.

அவன் படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

“உன்னவிட இவ கொஞ்சம் சதைப்பிடிப்பு.”

கல்யாணம் நிற்கவில்லை. நிறுத்திவிடலாமா என்று யோசித்தது பெரின்தான்.