மூன்றாம் தூணின் வெளிச்சம்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு படகுத்துறையின் தூண்களுக்குள் கண்ணாடி இழைகளைப் பதித்திருந்தார்கள். இழையில் ஓடும் வெளிச்சம் மங்கினால், கடலின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். உள்ளே கம்பி துருப்பிடிப்பதற்குள் பூசிச் சரிசெய்துவிடலாம். இதைக் கவனிப்பது பொறியாளர் உஷாராணியின் வேலை. துணைக்குப் பக்கத்து ஊரான பண்டமாரானிலிருந்து வரும் கார்த்திகேசு, டெக்னீஷியன்.

மூன்றாம் தூணுக்கு நேர்மேலேதான் மும்தாஜின் தே தாரிக் கடை; டீயை உயரத் தூக்கி ஆற்றித் தருவாள்.

"என் கடை விழுறதுக்கு முன்னாடி உன் மெஷின் சொல்லுமா தங்கச்சி?" என்று அவள் சீண்டுவாள்.

"சொல்லும் லா அக்கா. நான் கேரண்டி."

ஆயுத பூசையன்று கார்த்திகேசு இழைகளின் வெளிச்சத்தை அளக்கும் பெட்டிக்கும் திருநீறு பூசிப் பொட்டு வைத்தார். இழைகளைச் செருகும் துளைகள் அந்தப் பெட்டியின் முகத்தில்தான் இருந்தன. துளியூண்டு தூசு பட்டாலும் வெளிச்சம் கெடும். ஆசையாகச் செய்கிறவரை யார் தடுப்பது? உஷாராணியும் சுண்டலை இரண்டு கை அள்ளித் தின்றாள்.

வாரம் ஒருமுறை எடுக்கும் அளவை மறுநாள் எடுத்தார்கள். மூன்றாம் தூணின் வெளிச்சம் மங்கியிருந்தது.

"திருநீறு உள்ள போயிருச்சு மேடம். என் தப்புதான்," என்றார் கார்த்திகேசு. அவர் முகம் சுண்டிவிட்டது.

துடைத்துப் பார்த்தார்கள், தேறவில்லை. இழையின் முனையில் கீறல் விழுந்திருக்கும் என்று உஷாராணி முடிவு கட்டினாள். "பரவால்லண்ணே, விடுங்க," என்று பெரிய மனசு பண்ணினாள். முனைக்குப் புது இணைப்பு வரும்வரை அந்த இழையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். தூணைப் போய் ஒரு தட்டு தட்டிப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. குற்றவாளிதான் கிடைத்துவிட்டாரே.

இணைப்பு வந்து சேர்வதற்குள் தைப்பூசமே முடிந்துவிட்டது. மாற்றினார்கள். வெளிச்சம் முன்னைவிட மங்கலாக இருந்தது. கார்த்திகேசு படகில் போய்ச் சுத்தியலால் தூணைத் தட்டினார். கான்கிரீட் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிக் கிடந்தது. இனிப் பூச்சு வேலை உதவாது.

படகுத்துறையை மூடினார்கள். மும்தாஜ் கடைச் சாமான்களை லோரியில் ஏற்றினாள். உஷாராணி பாத்திரக் கூடையைத் தூக்கிக் கொடுத்தாள்.

"மெஷின் சொல்லலையா தங்கச்சி?" மும்தாஜ் கோபமாகக் கேட்கவில்லை. அதைத்தான் உஷாராணியால் தாங்க முடியவில்லை.

"சொல்லுச்சுக்கா. பூசைக்கு மறுநாளே சொல்லுச்சு. நாங்கதான் நம்பல."

லோரி போனபின், ஒதுங்கி நின்ற கார்த்திகேசுவிடம் போனாள்.

"உங்க திருநீறு ஒன்னும் பண்ணலண்ணே."

"அதுவே பண்ணியிருந்தா நல்லாருந்திருக்கும் மேடம், தூணாவது நின்னிருக்கும்," என்றார் அவர்.