மேசைக்கு அடியில்

"வாசனை சோப்பு இருக்குமா?" என்று டீச்சர் கேட்டு முடிப்பதற்குள் ஸ்டோரக்காவின் வாய் முந்திக்கொண்டது.

"இல்ல."

டீச்சரும் மறுபேச்சில்லாமல் திரும்பி நடந்தாள். அரசாங்கக் கடை வரிசையில் நின்று பழகியவள். இல்லை என்றால் இல்லைதான்.

சோப்போ, மேசைக்கு அடியில் பெட்டி நிறைய இருந்தது. அரசாங்க ஸ்டோரில் பாதி ஆயுளைக் கழித்ததால்தான் ஊருக்கு அவள் ஸ்டோரக்கா. அங்கே நல்ல சரக்கென்றால் அடியில், தெரிந்த முகத்துக்கு மட்டும். மற்றவர்களுக்கு ஒரே பதில். வரிசை நீண்டால் ஷட்டரும் பாதிக்கு இறங்கிவிடும். அந்தக் கடையை இழுத்து மூடிவிட்டு, இனி யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை போன கையோடு அவளும் நாத்தனாரும் வீட்டு முன்னறையில் ஷட்டர் போட்டுக் கடை திறந்தார்கள். பழகின கை சும்மா இருக்குமா? நல்லதையெல்லாம் அடியில் தள்ளிவிட்டு, நூல்கண்டையும் துணி சோப்பையும் அலமாரியில் அடுக்கியது. எதிர்க்கடைக்காரன் வாசலில் நின்று கூவிக் கூவி விற்கிறான். இவள் ஈ ஓட்டுகிறாள்.

நாத்தனார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணி, இன்னொரு தடவ இல்லன்னு சொன்னீங்கன்னா நீங்க சமையலப் பாத்துக்கங்க. கடையில நான் உக்காந்துக்கறேன்."

அந்த நாற்காலியும் இடுப்புச் சாவியும் போனால் அப்புறம் ஸ்டோரக்கா யார்? சோப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்கே ஓடினாள். ஆளைக் கூப்பிட்டு விற்பதா என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டீச்சர், இருக்கு."

டீச்சர் இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு மட்டுமாம்மா?"

"எல்லாருக்கும்தான்."

டீச்சர் நம்பியதாகத் தெரியவில்லை. காசைக் கையில் திணித்துவிட்டு, சோப்பை மடக்கின குடைக்குள் ஒளித்து, விறுவிறுவென்று போனாள்.

தெருவுக்கு அது போதும். எதிர்க்கடை வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்து, ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக நின்றார்கள். போகிற வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன தர்றாங்க?"

"தெரியல. மொதல்ல நில்லுங்க."

ஸ்டோரக்கா உள்ளே வந்து உட்கார்ந்தாள். வரிசையைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது, முகம் பழையபடி இறுகியது. நாத்தனார் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் ஆள் வாய் திறப்பதற்குள் ஸ்டோரக்கா எழுந்துவிட்டாள். அவள் கை, ஷட்டரைப் பாதிக்கு இறக்க மேலே போயிருந்தது.