கட்டிலில் வந்த சாவு

"அதை மாட்டிக்கிட்டு உங்கப்பன் முன்னாடி வந்து நிக்காதடி" என்றாள் ஒடெஸா.

ரெனிட்டா கறுப்புக் கோட்டுக்கு அடியில் இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள். உறைக்குள் பணித் துப்பாக்கி. பிலடெல்பியா போலீசில் அவள் சார்ஜென்ட். விடுப்பு நாளிலும் அது இடுப்பில் இல்லாமல் வாசல்படி தாண்டியதில்லை.

"அம்மா, இன்னிக்கு லவெல் வருவான். குவின்சியும் இருப்பான். தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரியும்."

"தெருமுனையில ரெண்டு போலீசை நிறுத்துறேன்னேன். அதுக்கும் வேண்டாம்னுட்ட."

"என் புருஷனை நான் வழியனுப்பப் போறேன். காவல் நிலையம் திறக்கப் போகல." ஒடெஸா கண்ணாடியில் தொப்பியைச் சரி செய்தாள். நாவல்பழ நிறத் தொப்பி, ஓரத்தில் வலை. "பெட்டியில வெச்சுப் பூட்டு. சாவியையும் இங்கயே விடு."

நாற்பத்தாறு வயது மகள் முனகிக்கொண்டே படியேறிப் போய்ப் பூட்டிவிட்டு வந்தாள். கோட்டின் வலப்பக்கம் காற்றுப் போல இருந்தது.

ஹோரஸ் விட்லாக் வியாழக்கிழமை காலை செத்துப்போனார். நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எழுந்து, முட்டையும் சோளக் கஞ்சியும் சாப்பிட்டு, "கொஞ்சம் படுக்கிறேன்" என்று போய்ப் படுத்தார். ஒடெஸா தட்டைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தபோது, காலணி இரண்டும் கட்டிலடியில் ஜோடியாக இருந்தன. அவருக்கு மூச்சு இல்லை. வயது எழுபத்தொன்பது.

அடக்க வேலை பார்க்கும் கடைக்காரர் முந்தின நாள் ரெனிட்டாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "தப்பா நினைக்காதம்மா. இந்தத் தெருவுலேர்ந்து எனக்கு வந்த ஆம்பளைங்கள்ல பாதிப் பேருக்குக் குண்டுக் காயத்துல ஒட்டுப் போட்டு, மெழுகு பூசித்தான் தாய்க்காரிகிட்ட காட்டியிருக்கேன். உங்கப்பாவுக்குத் தலை வாரினேன். அவ்வளவுதான் வேலை." அவர் குரலில் இருந்தது துக்கம் இல்லை. ஏறக்குறைய நன்றி.

தேவாலயத்தில் பாட்டு நீண்டது. புதைத்துவிட்டுத் திரும்பியபோது மணி இரண்டு. ஜூன் மாத வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்குப் பிந்தைய சாப்பாடு எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வீட்டுக்கு எதிரே, மூன்று வீடுகள் இடிந்து விழுந்த காலி மனை.

இப்போது அங்கே புல் கத்தரித்த தலை மாதிரி இருந்தது. சுற்றி முழங்கால் உயரத்துக்கு மரவேலி, இரண்டு செர்ரி மரம், நாலு பெஞ்சு. ஒரு காலத்தில் அங்கே ஆள் உயரக் களையும், எரிந்த கார் ஒன்றும், டயர்களும் கிடந்தன. பையன்கள் துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொள்வதில்லை. போலீஸ் தடவினால் மாட்டிக்கொள்வார்கள். களைக்குள் செருகி வைத்துவிட்டு வெறுங்கையோடு நின்று சிரிப்பார்கள். சண்டை வந்தால் பத்தடி ஓடினால் போதும். அப்படித்தான் பதினேழு வருஷம் முன்பு ஒரு கோடையில், தோற்றுப்போன பந்தாட்டத்தைப் பற்றிய ஒரு கேலிக்காக, லவெல் ஓடினான். குவின்சியின் அண்ணன் விழுந்தான். கொன்றவனுக்கு அப்போது பதினெட்டு.

போலீஸ் கட்டிய மஞ்சள் நாடாவை அவிழ்த்த மறுநாள் காலை ஹோரஸ் அரிவாளோடு இறங்கினார். ரெனிட்டா அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். சீருடையோடு வந்து மனையோரம் நின்று சிரித்தாள்.

"புல்லு வெட்டினா கொலை நிக்குமாப்பா?"

"நிக்காது."

"பின்னே?"

"நீ துப்பாக்கியப் புடி. நான் அது ஒளியிற எடத்தைப் புடிக்கிறேன்."

"அடுத்த தெருவுக்குப் போயிடும்."

"அங்கயும் ஒரு வேலையத்த கிழவன் இருப்பான்."

அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. அவள் பிடிபட்ட துப்பாக்கிகளைச் சொல்வாள், சட்டத்தின் ஓட்டைகளைச் சொல்வாள், பக்கத்து மாநிலத்துக் கடைகளிலிருந்து அவை வந்து சேரும் வழியைச் சொல்வாள். அவர் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு, "சரிதான், கொஞ்சம் கீரை போட்டுக்கோ" என்பார்.

மனையில் மேசைகள் போட்டாகிவிட்டது. பொரித்த மீன், பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட மக்ரோனி, வான்கோழிக் கழுத்தோடு வேகவைத்த கீரை. முடிதிருத்தும் ஸ்கீட் முதல் தட்டை வாங்கிக்கொண்டே சொன்னார்: "எழுபத்தொன்பது வயசு. கறுப்பு ஆம்பளை. இந்தத் தெருவுல. கட்டில்ல, காலணியக் கழட்டி வெச்சுட்டு. இதைப் பேப்பர்ல போட வேண்டாமா? எவனாவது சுட்டாத்தான் கேமராவத் தூக்கிட்டு வருவானுங்க."

சிரித்தார்கள். பிறகு, எதிர்பார்த்தபடியே, தெரு எதனால் அடங்கியது என்ற பேச்சு கிளம்பியது.

"ஜெபம்" என்றார் தேவாலய ஊழியர் டீக்கன் பர்னெல். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை முழங்கால் போட்டோமே, மறந்துட்டீங்களா?"

"முழங்கால் போட்டீரு, வாஸ்தவம்தான்" என்றார் ஸ்கீட். "அந்த நேரத்துலயும் அவனுங்க சுட்டுக்கிட்டுத்தான் இருந்தானுங்க. டீக்கன், ஒண்ணு சொல்றேன். சுட்டவனுக்கு வயசாச்சு. முப்பத்தஞ்சு வயசுல முதுகு வலிக்குது, எவன் வேலி தாண்டுவான்? என் நாற்காலியில உக்காந்து வழுக்கைக்கு மருந்து கேக்குறான்."

"தெரு விளக்குப் போட்டாங்களே?" என்று ஒடெஸா சொன்னாள்.

"நாங்க சும்மாவா இருந்தோம்?" ரெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தக் கும்பல்ல ஒருத்தன் விடாம உள்ள போட்டது யாரு?"

"போட்டீங்க. கூடவே என் தங்கச்சி மவனையும் போட்டீங்க, ஒண்ணும் பண்ணாதவனை."

ரெனிட்டா தன் தட்டைப் பார்த்துக் குனிந்தாள். ஸ்கீட்டே அவள் தட்டில் ஒரு மீனை வைத்து, "சாப்பிடு, உன் மேல கோவம் இல்ல" என்றார்.

"அப்ப பொதுவா வெச்சுப்போம்" என்றார் டீக்கன். "கர்த்தர் ஹோரஸைப் புல்லு வெட்ட வெச்சாரு."

"பாத்தியா, அந்தாளு இத்தனை வருஷம் வேர்த்ததையும் ஜெபத்துல சேத்துட்டாரு!"

சிரிப்பு நடுவில் அறுந்தது. எல்லோரும் வேலிப் பக்கம் பார்த்தார்கள்.

லவெல் வந்திருந்தான். சிறையிலிருந்து வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கன்னம் ஒட்டி, முன்தலை நரைத்து, தன் வயதைவிடப் பத்து வயது கூடித் தெரிந்தான். எல்லார் கண்ணும் அவன் முகத்தை விட்டு உடுப்புக்குப் போனது. அந்த வெயிலில் கழுத்து வரை பொத்தான் போட்ட கனத்த கம்பளிக் கோட்டு. உள்ளே எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ரெனிட்டாவின் கை இடுப்புக்குப் போனது. துணிதான் அகப்பட்டது.

மனையின் மறுகோடியில் குவின்சி மடக்கு நாற்காலிகளைச் சுமந்துகொண்டு நின்றான். பள்ளிப் பேருந்துகளுக்கு மெக்கானிக். அண்ணன் செத்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஹோரஸோடு இந்தப் புல்லை வெட்டி வளர்ந்தவன். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவர் சிறைக்குப் போய் லவெலைப் பார்த்து வருகிறார் என்று தெரிந்ததும் ஒரு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தவனும் அவன்தான். ஹோரஸ் விளக்கம் சொல்லவில்லை, போவதை நிறுத்தவும் இல்லை. மறு வருஷம் கோடையில் குவின்சி தானாகவே வந்து புல்வெட்டும் எந்திரத்தைத் தள்ளினான்.

லவெல் வேலிக்கு உள்ளே வரவில்லை. அவர்கள் பார்ப்பது அவனுக்குப் புரிந்தது. மெதுவாகப் பொத்தான்களைக் கழற்றினான். கோட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினான். உள்ளே நனைந்த வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது.

டீக்கன் ஜெபத்துக்குக் கை தூக்கினார்; ஸ்கீட் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

ரெனிட்டா எழுந்து இருவருக்கும் நடுவில் நடந்தாள். இத்தனை வருஷத்தில் வெறுங்கையோடு ஒரு சண்டைக்குள் போனதில்லை. அவள் வாய் திறப்பதற்குள் குவின்சி பேசினான்.

"இந்த வெயில்ல எதுக்குடா கம்பளி?"

"நல்லதா வேற இல்ல." லவெல் கோட்டின் ஓரத்தைத் தடவினான். "வெளிய விடறப்போ குடுத்தது இதுதான். அவரை வழியனுப்ப வரும்போது வெறும் சட்டையோட வரக் கூடாதுன்னு..."

"கழட்டு. சுருண்டு விழுந்தா உன்னையும் நாங்கதான் தூக்கணும்."

அந்தக் குரலில் அன்பு ஏதும் இல்லை. குவின்சி ஒரு நாற்காலியை உருவி விரித்து, இரண்டாவது செர்ரி மரத்து நிழலில் வைத்தான். உட்கார் என்று சொல்லவில்லை. மீதியைத் தூக்கிக்கொண்டு மறுகோடிக்குப் போய், ஏற்கெனவே ஒழுங்காக இருந்த நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் ஒழுங்கு செய்தான். ஒரு முறை முதுகு குலுங்கியது போல இருந்தது. ரெனிட்டா பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள்.

"மீனு ஆறுது" என்றாள் ஒடெஸா, பொதுவாக. பிறகு தானே தட்டில் போட்டுக் கொண்டுபோய் லவெலின் மடியில் வைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப சொல்லுங்க" என்று டீக்கன் தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார், "இது ஜெபம் இல்லாம வேற என்ன?"

"அட, மனுசனைச் சாப்பிட விடுமய்யா!"

பேச்சு மறுபடி பிடித்துக்கொண்டது. விளக்கு, கேமரா, வேலை, தகப்பன் இல்லாத வீடு, துப்பாக்கி விற்கும் கடைக்காரன். ஒருவர் சொன்னதை மற்றவர் வெட்டினார்கள். வெட்டினவரை ஸ்கீட் கேலி செய்தார். ரெனிட்டா கேட்டுக்கொண்டிருந்தாள். எது காரணம் என்று அவளுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தெரியாதது அன்றைக்கு அவளுக்குத் தொந்தரவாகவும் இல்லை.

வெயில் சாய்ந்தபோது பாதிப் பேர் போயிருந்தார்கள். லவெல் சொல்லிக்கொண்டு போனான், கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு. தொலைவில் குவின்சி குப்பைப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். தெருவில் சின்னப் பெண்கள் இரட்டைக் கயிறு சுழற்றி, எண்ணிக்கை தப்பித் தப்பிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலியோரம், தெருவைப் பார்த்த நாற்காலியில் ஒடெஸா தூங்கிப்போயிருந்தாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் தட்டு, அதில் பீச் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு பாதி மிச்சம்.

ரெனிட்டா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து குதிகால் காலணிகளைக் கழற்றினாள். தட்டு சரியாமல் மெல்ல எடுத்தாள். அம்மாவின் கரண்டியாலேயே, ஓரத்து மொறுமொறுப்பிலிருந்து தொடங்கி, நிதானமாகச் சாப்பிட்டாள்.