பல் வரைந்த பந்து

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது அதுவாக வந்து சேர்ந்தது. கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை. பாதி முகம் மரத்துப்போயிருந்தது, கன்னத்துக்குள் பஞ்சு. கதை சொல்ல ஆசைப்படும் ஒரு பல் டாக்டருக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார். நான் குறுக்கே பேச முடியாது, எழுந்து போக முடியாது, "அப்புறம்?" என்று கேட்கவும் முடியாது.

சரியாக முக்கியமான இடத்தில் அவர் கையுறையைக் கழற்றினார். "கொப்பளிங்க. அடுத்த வாரம் வாங்க" என்றார். அந்த ஒரு வாரத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் இது.

2.

முதல் தொடக்கம்: பனி விலகாத அந்தக் காலையில், பச்சைப் பசேலென்ற மைதானத்தின் நடுவே, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர்

வேண்டாம். பனி விலகாத காலைகளில் ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் நிற்கிறார்கள்.

இரண்டாவது: கோல்ஃப் என்பது ஒரு விதத்தில் வாழ்க்கையைப்

இதை எழுதிய கையை நானே அடித்தேன்.

மூன்றாவது: டாக்டருக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

இது தேவலை, இப்படியே போகலாம்.

3.

டாக்டருக்குத் தோற்றுப் பழக்கமில்லை. பள்ளியில் முதல் ரேங்க், கல்லூரியில் முதல் ரேங்க். ஆனால் கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாரும் ஏதாவது விளையாடுகிறவர்கள். கணவர் டென்னிஸ், மாமனார் கேரம், நாத்தனார் கோல்ஃப். இவர் மட்டும் இருபது வருஷமாக ஓரத்தில் துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றார். ஒருநாள் நாத்தனார் ஒரு மட்டையைக் கையில் திணித்து, "சும்மா ஒரு அடி அடிச்சுப் பாருங்க அண்ணி" என்றார். டாக்டர் ஓங்கி அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் இருந்த புல்தான் பறந்தது.

அன்று பிடித்தது பைத்தியம். பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட்டு முடிக்க, மட்டையால் அடிப்பது மொத்தம் நூறு தடவைக்குள் இருக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. டாக்டருக்கு அதுதான் எல்லாம். முதல் ஆட்டத்தில் நூற்று நாற்பத்தேழு. அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் போனார். நூற்று மூன்று வரைக்கும் இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டார்.

கோச் அவருடைய கழுத்தை மட்டும் பாராட்டினார். அடிக்கும்போது பலருக்கும் தலை தூக்கிக்கொள்ளுமாம். நாள் முழுக்கக் குனிந்தே வேலை பார்ப்பவருக்கு அந்தக் கோளாறே இல்லை. கோளாறு கையில்.

"டாக்டர், பல்லைப் பிடுங்குற மாதிரி பிடிக்காதீங்க. பல் தேய்க்குற மாதிரி பிடிங்க."

"அதையும் நான் அழுத்தித்தான் தேய்ப்பேன்" என்றார் டாக்டர்.

நோயாளி இல்லாத நேரத்தில் கிளினிக் நடையில் உருட்டிப் பழகினார். வாய் கொப்பளிக்கிற காகிதக் கப்பைச் சாய்த்து வைத்தால் அதுதான் குழி. முன்மேசையில் இருக்கும் பெண் காலைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டப் பழகிவிட்டார்.

(ஒரு பக்கக் குறிப்பு: எல்லாப் பந்தும் வெள்ளைதான் என்பதால் அவரவர் பந்தில் அவரவர் ஓர் அடையாளம் போட்டுக்கொள்வார்கள். டாக்டர் தன் பந்துகளில் ஒரு குட்டிக் கடைவாய்ப் பல் வரைவார், இரண்டு வேரோடு. இதை மறந்துவிடாதீர்கள்.)

4.

இப்போது நாத்தனார். எனக்கு அவரோடுதான் தகராறு.

அவர் கணக்கு டீச்சர். வீட்டிலும் அண்ணி அவரை "டீச்சர்" என்றே கூப்பிடுகிறார். நான் அவரைப் பார்த்ததில்லை. முதல் வரைவில் கொஞ்சம் வில்லத்தனம் கொடுத்தேன், ஏனென்றால் நாத்தனார் என்று எழுதினாலே மிச்சத்தை வாசகர் தானே நிரப்பிக்கொள்வார், எனக்கும் வேலை மிச்சம். ஆனால் டாக்டர் சொன்ன எதுவும் அதற்கு ஒத்துழைக்கவில்லை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு அண்ணியை அழைத்துப் போவது அவர்தான். புதருக்குள் பந்து தேடியதும் அவர்தான். வில்லியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அவரிடம் இருந்த ஒரே குறை இது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருமுறை, மரத்தடியில் மாட்டிய தன் பந்தைக் காலால் லேசாகத் தள்ளிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் நாலு பேர் கூடினால் போதும். "டீச்சருக்குப் பதினஞ்சாவது மட்டை ஒண்ணு இருக்கு, செருப்புக்குள்ள" என்று ஆரம்பிப்பார். (ஓர் ஆட்டத்துக்குப் பதினான்கு மட்டைதான் அனுமதி.) எல்லாரும் சிரிப்பார்கள். டீச்சரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இவர்கள் ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. எத்தனை அடி என்று அடித்தவர் சொல்ல வேண்டும், கூட ஆடுபவர் எழுத வேண்டும். டாக்டரின் கணக்கு அட்டை டீச்சர் கையில், டீச்சரின் அட்டை டாக்டர் கையில். தன் எண்ணைத் தானே எழுதக்கூடாது.

5.

அந்த ஞாயிறு. பதினேழு குழி முடிந்தபோது டாக்டரின் கணக்கு தொண்ணூற்று நான்கு. கடைசிக் குழியை ஐந்தில் முடித்தால் தொண்ணூற்றொன்பது.

முதல் அடி நேராகப் போனது. இரண்டாவதில் பழைய புத்தி வந்துவிட்டது, பல்லைப் பிடுங்கினார். பந்து இடது பக்கம் வளர்ந்த புல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டது. டீச்சர் அந்தப் பக்கம் தன் பந்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் புல்லை விலக்கினார், வெள்ளையாக ஒன்று தெரிந்தது, அடிக்க நின்றார்.

கையில் கனமே தெரியவில்லை. அடித்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பல் நல்லபடியாக வந்துவிட்டால் நோயாளிக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிடும், அது மாதிரி பந்து கிளம்பும்போதே தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பார்க்கவே தோன்றவில்லை.

பந்து குழிக்குப் பத்தடியில் போய் நின்றது. இரண்டு உருட்டல். உள்ளே விழுந்தது. ஐந்து.

டாக்டர் குனிந்து பந்தை எடுத்தார். திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார்.

பல் இல்லை.

யாரோ எப்போதோ தொலைத்துவிட்டுப் போன பந்து அது. (விதி: வேறு பந்தை அடித்தால் அந்த அடிகள் கணக்கில் வராது, தண்டனையாக இரண்டு அடி ஏறும். அட்டையைக் கொடுப்பதற்குள் திரும்பிப் போய்த் தன் பந்தைத் தேடி அடிக்க வேண்டும். அதாவது தன் பந்தில் அடித்த இரண்டும் தண்டனை இரண்டுமாக டாக்டர் இப்போது நான்கில் நிற்கிறார். புல்லுக்குள்ளிருந்து ஒரே அடியில் குழிக்குள் போட்டால் அப்போதும் தொண்ணூற்றொன்பதுதான். அந்த முடிவை எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.)

இந்த இடத்தில்தான் கையுறை கழன்றது.

6.

கைவசம் இருந்த முடிவுகள் இவை.

டாக்டர் சொல்லிவிடுகிறார், இருவரும் கைகோர்த்துப் புல்லை நோக்கி (கைகோர்த்தா? இவர்களா?)

டாக்டர் சொல்லவில்லை. அட்டைக்குச் சட்டம் போட்டு கிளினிக்கில் மாட்டுகிறார். தினமும் அதன் கீழே நின்று நோயாளிகளிடம், "இனிப்பு சாப்பிடறதில்லன்னு உண்மையாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பகுதியில் 'கையில் கனமே தெரியவில்லை' என்று தொடங்கும் பத்தி என்னுடையதல்ல. டாக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டேன். இந்தக் கதையிலேயே சுத்தமாக விழுந்த அடி அதுதான். நீங்கள் கவனிக்காமல் பாராட்டியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

7.

வாரம் முடிந்து போனேன். ஊசி போடுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். "அன்னைக்கு எத்தனைன்னு சொன்னீங்க டாக்டர்?"

"நீங்க எத்தனைன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

கதை எழுதுவது எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. "தொண்ணூத்தொம்பது" என்றேன். மூன்று வருஷம் பாடுபட்டவர், எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது.

டாக்டர் கையில் எடுத்த ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

"டீச்சரும் அப்படித்தான். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள எழுதிட்டா. கண்ணெல்லாம் தண்ணி. 'அண்ணி, நூறுக்குள்ள வந்துட்டீங்க'ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. பந்து என் பாக்கெட்ல இருந்துச்சு. அவ மேலயும் அழுந்துச்சு."

"அப்புறம்?"

"வாயைத் திறங்க" என்றார். அதற்குப் பிறகு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து என் வரைவில் இருந்த எண்ணை அழித்துவிட்டேன். அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

பதினேழு குழிகள்: 94
பதினெட்டாவது: ____

என் அட்டையும் உங்களிடம்தான், ஒரு பத்தியைக் கழித்துக்கொள்ளுங்கள். டாக்டரின் அட்டையில் நீங்கள் எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். எழுதுவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும் வரை காத்திருங்கள். டீச்சரும் நானும் செய்யத் தவறியது அதைத்தான்.