பேக்கிங் அறையின் சராசரி

பேட்டரி ஆலையின் புள்ளிவிவரப் பெண்ணுக்கு அது வருடாந்தர வேலை. ஆலையில் நான்கு பிரிவுகள்: ஈயம் உருக்குவது, தகடு அடுக்குவது, சார்ஜ் ஏற்றுவது, பேக்கிங். பிரிவுக்குப் பன்னிரண்டு பேரின் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று லேப் அனுப்பியிருந்தது. இதுவரை மேலிடம் கேட்டது மொத்தச் சராசரியை மட்டும்தான். இந்த முறை அவளாகவே மாறுபாட்டுப் பகுப்பாய்வு செய்து பார்த்தாள்.

பிரிவுக்குப் பிரிவு உள்ள வித்தியாசம், ஒரே பிரிவுக்குள் உள்ளதைப் போல எத்தனை மடங்கு என்று அது சொல்லும்; ஒன்று, ஒன்றரை வரும் என்று நினைத்திருந்தாள். திரையில் வந்தது முப்பத்தெட்டு.

எங்கோ தப்பாக அடித்துவிட்டோம் என்று மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினாள். அதே முப்பத்தெட்டு. எந்தப் பிரிவு இப்படி இழுக்கிறது என்று சராசரிகளைத் தனித்தனியே பார்த்தாள். உருக்கும் பிரிவு இருபத்திரண்டு. அடுத்தவை பத்தொன்பது, பதினெட்டு. பேக்கிங் நாற்பத்தொன்று.

ஈயத்தின் பக்கமே போகாத பிரிவு அது. தகடு அடுக்கும் பிரிவிலிருந்த ஐந்து மாதக் கர்ப்பிணியான அண்ணியை, "அங்கதான் ஒரு ஆபத்தும் இல்ல" என்று மேலாளரிடம் கெஞ்சி அங்கே மாற்றிவிட்டவளே அவள்தான்.

லேப்புக்குப் போன் போட்டாள். "ரத்தக் குப்பி எதுவும் மாறிப் போச்சா?"

"இல்ல மேடம். நம்பாம ரெண்டு தடவ ஓட்டிட்டுத்தான் அனுப்பினோம்."

கீழே ஓடினாள். அண்ணி அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கணக்குப்புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அண்ணி, எதையும் தொடாதீங்க. எழுந்து வெளிய வாங்க."

அண்ணி எழுந்த இடத்துக்கு மேலே காற்றை உள்ளே இழுக்கும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்த அலமாரியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். விரல் சாம்பல் நிறமானது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். போன வருடம் உருக்கும் பிரிவுக்குப் போட்ட புதிய புகைக்குழாயின் வாய், அந்த மின்விசிறிக்கு இரண்டடி தள்ளி இருந்தது.

மேலாளர் தன் அறையில் அவள் நீட்டிய தாளைப் புரட்டினார். "மொத்த சராசரி இருபத்தஞ்சு. நம்ம வரம்பு முப்பது. அப்புறம் எதுக்கும்மா இப்படிப் பதறுற?"

"மத்த மூணு ரூம்ல இருக்கறவங்க ரத்தம் நல்லா இருந்தா பேக்கிங்ல இருக்கறவங்க ரத்தம் நல்லாயிடுமா சார்?"

"எதேச்சையா கூட வந்திருக்கலாம்ல?"

"அதத்தான் சார் சோதிச்சேன். ஒரே ரூமுக்குள்ள ஆளுக்கு ஆள் இருக்கற வித்தியாசம் கொஞ்சம்தான். ரூமுக்கு ரூம் இருக்கறது அதப்போல முப்பத்தெட்டு மடங்கு. எதேச்சைக்கு இங்க எடமே இல்ல." சாம்பல் விரலை அவர் மேசையில் தேய்த்துக் காட்டினாள்.

அவர் எழுந்து போய், பேக்கிங் அறையை அவரே பூட்டினார். பன்னிரண்டு பேரும் அன்றே மருத்துவரிடம் போனார்கள்.

அண்ணன் மட்டும் அவளிடம் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து வாசலில் நின்று, "நல்லா இருந்தவள நீதானே அங்க கொண்டு விட்ட?" என்றான்.

"அவதானே என்ன வெளியவும் இழுத்தா," என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

இரண்டு மாதத்தில் அண்ணியின் அளவு பாதிக்கும் கீழே வந்தது. குழந்தை நாள் தப்பாமல், நன்றாக அழுதுகொண்டே பிறந்தது. பள்ளி போகும் வயதுவரை குழந்தையின் ரத்தத்தை விடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். தேதிகளை அத்தையான அவளே குறித்துக்கொண்டாள்.