நீலம் படாத வீடு

ஈரத் துண்டால், செத்துக் கிடந்த கணவனின் காது மடலைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அவள். துண்டு வெள்ளையாகவே இருந்தது. சாயத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் நீலப் பொடி அரைத்த மனுஷன். நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு நீலம் கிடையாது. அதில் அவளுக்கு எப்போதும் பெருமை. கல்யாணமான புதிதில் ஒருநாள் மேலெல்லாம் நீலமாக வந்து படுக்கையில் விழுந்தவரை அவள் கிழி கிழியென்று கிழித்தாள். மறுநாளிலிருந்து பளிச்சென்றுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். எப்படி என்று அவள் கேட்டதில்லை. நுரையீரல் கெட்டுப்போச்சு என்று டாக்டர் சொன்னபோதுகூட, என்றைக்கோ விட்ட பீடியைத்தான் திட்டினாள்.

தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மாஸ்க் மாசாமாசம் குடுத்தோம்மா. வேலை நேரத்துல அவர் கழட்டினதே இல்ல. ஷிப்ட் முடிஞ்சதும்தான் கழட்டிட்டு, மெஷின்ல தூசி தட்டற காத்துக் குழாயப் புடிச்சு உடம்பு பூரா ஊதிக்குவார். துணியில இருக்கற பொடி அத்தனையும் மூக்குக்குள்ளதான் போகும். ஊதக் கூடாதுன்னு எழுதியே ஒட்டியிருக்கோம்."

"எதுக்கு ஊதிக்கணும்?"

அதிகாரி தரையைப் பார்த்தார். தரை பளபளவென்று இருந்தது.

"நீலத்தோட போனா வீட்டுல திட்டு விழும்பார். சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவார்."

அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"குளிச்சு மாத்திக்க அங்க ஒரு ரூம் கிடையாதா?"

"இருக்கும்மா. இப்ப சாமான் போட்டு வெச்சிருக்கோம்."

"எழுதி ஒட்டத் தெரிஞ்சுது, ரூமைக் காலி பண்ணத் தெரியலையா? எழுந்திரிச்சுப் போங்க சார், வாயில ஏதாவது வந்துடப் போகுது."

அவர் போனதும் கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "பாவி மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்று வாய்விட்டே கேட்டாள். சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்போமா என்றும் தோன்றியது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அவள் தம்பி. மாமாவின் சிபாரிசில் அதே அரைவைப் பிரிவில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. தொழிற்சாலைச் சட்டையோடு வந்திருந்தான். சட்டையில் எங்கும் நீலமில்லை.

"வீட்டுக்குப் போய்க் குளிச்சியாடா?"

"இல்லக்கா. சேதி கேட்டதும் ஷிப்ட்லேருந்து நேரா வரேன்."

அவள் அவன் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. அக்கா அழுக்கைத்தான் தேடுகிறாள் என்று நினைத்து, அவன் முகத்தைத் திருப்பி ஒரு தரம் இருமிவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"பயப்படாதக்கா, நல்லா ஊதிட்டுத்தான் வந்தேன்."